முகத்தை ஏன் மூடினான்? பழைய முகமூடிக்காரனைத் திரும்பக் கொண்டுவர மூன்று வழிகள்

பழைய காமிக்ஸ் நாயகனுக்குப் புதிய தோற்றக் கதை எழுதுகிறவர்கள், அவன் ஏன் கள்ளரை அடிக்கிறான் என்று சொல்லவே பாதிப் பக்கங்களைச் செலவழித்துவிடுகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறை வாசகரோ முகத்தை ஏன் மூடினான் என்றுதான் முதலில் கேட்பார். போர்க்காலச் சுற்றிவளைப்பில் சாக்குக்குள் முகத்தை மறைத்து, ஆட்களைக் காட்டிக்கொடுக்கத் தலையாட்டியவனையும், 2011 ஓகஸ்டில் உடம்பில் கிறீஸ் பூசி இரவில் வருவதாகப் பேசப்பட்டு ஊரைத் தூங்கவிடாத கிறீஸ் பூதத்தையும் மறக்காத பக்கம் இது. இருட்டில் முகம் மூடி நிற்பவனை இங்கே யாரும் நாயகன் என்று நினைக்கமாட்டார்கள். மூன்று வழிகளையும் இந்தக் கேள்வியால் உரசிப் பார்க்கலாம்.

முதலாவது, அதே ஆளின் முதல் ஆண்டுக்குத் திரும்புவது. பேட்மேனின் தோற்றக் கதை 1939இல் வந்தபோது இரண்டே பக்கம். 1987இல் எழுத்தாளர் பிராங்க் மில்லரும் ஓவியர் டேவிட் மாசுகெல்லியும் அதை 'பேட்மேன்' இதழில் 404 முதல் 407 வரை நான்கு இதழ்களுக்கு விரித்தார்கள். பெற்றோர் கொலையை அவர்கள் நீட்டவில்லை. பேட்மேனாகப் போகும் புரூஸ், முகத்தில் ஒட்டிய போலித் தழும்பு ஒன்றை மட்டும் நம்பி, முகமூடி இல்லாமல் வெளிக்கிடுகிறான். ஒரு சிறுமி காலில் குத்துகிறாள், பொலிஸ் சுடுகிறது. இரத்தம் ஒழுக வீட்டில் வந்து இருக்கும்போதுதான் வௌவால் யன்னலை உடைத்துக்கொண்டு வருகிறது. தோற்றுப்போனவனுக்குத்தான் முகமூடி தேவைப்படுகிறது என்ற இந்த ஒழுங்கை அப்படியே எடுக்கலாம். ஆனால் அந்த முகமூடியின் வேலை பயமுறுத்துவது. நம் பக்கத்தில் அது சரிவராது.

இந்த வழியில் ஆண்டுக் கணக்கும் இடிக்கும். 1978 சூறாவளியில் குடும்பத்தை இழந்த 20 வயதுக்காரன் 2024இல் 66 வயதுக்காரன். மதில் ஏறிக் குதிக்கமாட்டான். 1974இல் மார்வெல் காமிக்ஸில் அறிமுகமான பனிஷர் என்ற நாயகன் வியட்நாம் போரிலிருந்து வந்தவன். அவனுக்கு வயது ஏறாமல் இருக்க, மார்வெல் 2019இல் சியான்காங் என்று ஒரு கற்பனைப் போரையே உண்டாக்க வேண்டி வந்தது.

இரண்டாவது, அவனை அவன் காலத்திலேயே விடுவது. 1939இல் வந்த சாண்ட்மேன் சூட்டும் தொப்பியும் வாயுக் கவசமும் அணிந்தவன். 1941இல் அவனுக்கு மஞ்சளும் ஊதாவுமாக ஒட்டுடை மாட்டி, இன்னொரு சாதாரண ஆளாக்கிவிட்டார்கள். 1993இல் தொடங்கி 70 இதழ் ஓடிய 'சாண்ட்மேன் மிஸ்டரி தியேட்டர்' அவனை 1930களின் நியூயோர்க்குக்கே திருப்பி அனுப்பி, கவசத்தையும் திருப்பிக் கொடுத்தது. மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் தொந்தி. மயக்க வாயு அடிக்கிறவன் தான் மயங்காமல் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் கவசம். முகமூடிக்கு ஒரு வேலை இருப்பதால் விளக்கவுரை தேவைப்படவில்லை. என் வாக்கு இதற்கே.

மூன்றாவது, முகமூடியைக் கைமாற்றுவது. ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்று தந்த ஃபாண்டம் 1936 முதல் இதில்தான் வாழ்கிறார்: தகப்பனுக்குப் பின் மகன், ஊருக்கோ அதே சாகாத ஆள். வயதுக் கணக்கு தீரும். ஆனால் கிழவர் இளையவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கும் பக்கங்கள் வெறும் பேச்சாகிவிடும். முதல் இதழில் வேண்டாம்.

இனி நம் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, வருவோம். பெரும்போக அறுவடையில் நெல்லுச் சுணைக்குப் பயந்து முகத்தில் துவாய் சுற்றாதவர் குறைவு. முகமூடி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆறு ஏ4 தாளை மடித்தால் 24 பக்கம். முதல் நான்கில் அறுவடை மட்டும், எல்லார் முகத்திலும் துவாய். ஐந்து முதல் ஒன்பது வரை களத்தில் நெல்மூடை குறைகிறது; முல்லைக்காரன் (வயல் வேலையாள்) ஒருவன் முகத்தைத் திறந்துகொண்டு போய் நியாயம் கேட்கிறான். பதிலுக்கு "ஆர்ர மகன் மனே நீ?" என்று ஒரே ஒரு கேள்வி. விடியும்போது அவன் வயலுக்கு வரும் வாய்க்கால் அடைபட்டிருக்கிறது. சின்ன ஊரில் முகத்தைக் காட்டினால் குடும்பம்தான் விலை கொடுக்கும். பத்தாம் பக்கம், அதே துவாய், இரவில்.

பிழைக்கும் இடங்கள் சில. துவாயை நிஞ்சா போல இறுக்கிக் கீறினால் கதை போய்விடும். ஒரு நுனி தோளில் தொங்கட்டும். துவாயின் சின்னக் கட்டங்களைக் கீறினால் ஏ5 அளவில் மை அப்பிக் கறுப்பாகிவிடும். கரைக்கு இரண்டு கோடு காணும். முகம் மூடிய நாலு பேர் ஒரு சட்டத்தில் நின்றால் யார் யாரென்று தெரியாது, ஆகவே நம்மாள் மணிக்கட்டில் ஒரு கறுப்பு நூல் கட்டிவிடுங்கள். வாய் தெரியாததால் பேச்சுக்குமிழின் வால் துவாய் புடைத்த இடத்தைத் தொட வேண்டும். குமிழுக்குள் "போகின்றேன்" இடம் தின்னும்; "போறன்" போதும். எழுத்துத் தமிழ் விவரணைப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

24ஆம் பக்கத்தில் அவன் துவாயை அவிழ்க்கும் காட்சி வேண்டாம். கொடியில் அது காயட்டும். பக்கத்து வளவுக் கொடியிலும் அதே கரைபோட்ட துவாய் ஒன்று.