அனிமோன் தனிமைத் தொட்டிக்குத் தண்ணீர்: என் நான்கு வருட அனுபவம்

வாங்கி வரும் எந்தக் கடல் சாமந்தியையும் (அனிமோன்) நான் நேராகப் பெரிய தொட்டியில் விடுவதில்லை; முதலில் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பேன். நான்கு வருடமாக இதுதான் பழக்கம். இதில் மருந்தைவிட, விளக்கைவிட என் நேரத்தை அதிகம் எடுத்தது தண்ணீர்தான். பலன் கொடுத்ததும் அதுதான்.

அனிமோனுக்கு எலும்பு கிடையாது. உள்ளே இழுத்து வைத்திருக்கும் தண்ணீர்தான் அதை நிமிர்த்தி நிறுத்துகிறது. வெளியே உப்பு கூடினாலும் குறைந்தாலும் உடலுக்குள்ளும் அப்படியே மாறிவிடும்.

முதலில் பெரிய தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே ஊற்றிப் பார்த்தேன். சும்மா வைத்துக் கவனிப்பதற்கு அது போதும். ஆனால் மேக்னிஃபிகா, ஜைஜான்டியா போன்ற அனிமோன் வகைகள் சோர்ந்து வந்தால் பலரும் செய்வது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சிகிச்சை: சுமார் 38 லிட்டருக்கு 250 மில்லிகிராம், ஏழு நாள், தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். வெளிச்சத்தில் மருந்து வீரியம் இழக்கும் என்பதால் விளக்கை அணைத்த பிறகுதான் போடுவேன். தினம் 38 லிட்டரைப் பெரிய தொட்டியிலிருந்து எடுத்தால் அது என்னத்துக்கு ஆகும்? கடல் தண்ணீரும் எனக்கு ஒத்துவரவில்லை. மழைக்குப் பின் எடுத்தால் உப்பு வேறு, வெயில் காலத்தில் வேறு. கடைசியில் ஆர்ஓ-டிஐ தண்ணீரில் (கரைந்திருப்பதையெல்லாம் நீக்கி வடிகட்டிய தண்ணீர்) கடல் உப்பு கலப்பதில் வந்து நின்றேன். இன்று கலப்பதும் நாளை கலப்பதும் ஒன்றாக இருக்கும், அந்த ஒரு காரணம் போதும்.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் டிரம்மில் பிடிப்பேன். தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணம் பிரிந்து பால் மாதிரி வெளுத்துவிடும். பிறகு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஒரு நாள். ஹீட்டர் 26 டிகிரியில். தொட்டியில் இருப்பதும் டிரம்மில் இருப்பதும் ஒரே சூடு, ஒரே உப்பு என்று பார்த்த பிறகே மாற்றுவேன்.

உப்பு அளவில்தான் ஒருமுறை அடி வாங்கினேன். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரால் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டு, என் தண்ணீரின் உப்பு 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) என்று நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மேக்னிஃபிகாவின் வாய் தளர்ந்து, உள்ளே இருக்கும் மடிப்புகள் வெளியே தெரிந்தன. அதற்கென்றே விற்கும் 35 அளவுத் திரவத்தை விட்டுப் பார்த்தால் கருவி 38 காட்டியது. அப்படியென்றால் என் தண்ணீர் 32 தான்! இரண்டு நாளில் மெதுவாக ஏற்றினேன். வாய் மூடியது. அப்புறம் மாதம் ஒருமுறை அந்தத் திரவத்தில்தான் சரிபார்க்கிறேன்.

இன்னொன்று, தாமிரம். மீன்களுக்குத் தாமிர மருந்து போட்ட தொட்டி, வாளி, குழாய் எதையும் இதற்குத் தொடாதீர்கள். மீன் தாங்கும் அளவே அனிமோனைக் கொன்றுவிடும். பித்தளை இணைப்புகளையும் நான் கழற்றிவிட்டேன்.

பபிள் டிப் வகை அனிமோன் நல்ல நிலையில் வந்தால் மருந்து போடுவதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றினால் எனக்குப் போதுமாக இருக்கிறது.

கடைசியாக வந்த மேக்னிஃபிகா முதல் நான்கு நாளும் சுருங்கிச் சுருங்கி விரிந்தது, பழுப்பு நூல் போலக் கக்கியது. ஐந்தாம் நாள் காலை விளக்கைப் போட்டபோது விரிந்தே இருந்தது. விரலை வைத்தேன், ஒட்டிப் பிடித்துக்கொண்டது.