மைக்ரோவேவ் பிளாஸ்மாவுக்கு யூஎஸ்பி நிறமாலைமானி: பாதிக் காரியம்தான் ஆகும்

'பிளாஸ்மா வெப்பநிலை, இலத்திரன் அடர்த்தி இரண்டும் ஒரே அழுத்தலில்' என்று ஒரு யூஎஸ்பி நிறமாலைமானியின் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் சின்னப் பெட்டி) விளம்பரத்தில் இருந்தது. உப்புவெளியில் உள்ள எங்கள் சின்ன ஆய்வுகூடத்தில் 2.45 கிகாஹேர்ட்ஸ் மக்னெட்ரோனில் (மைக்ரோவேவ் உண்டாக்கும் குழாய்) ஓடும் ஆகன் டோர்ச் ஒன்று, அதாவது ஆகன் வாயுவைப் பிளாஸ்மாவாக்கும் கருவி, இருக்கிறது, அதற்கென்று எடுத்தோம். கம்பனிப் பேர் வேண்டாம், இதே பெட்டி பல பேரில் விற்கிறது. 200 முதல் 1100 நனோமீற்றர் வரை பார்க்கும், பிரிதிறன் 1 நனோமீற்றர், அதாவது அதைவிடக் கிட்டக் கிட்ட உள்ள கோடுகளைப் பிரித்துக் காட்டாது.

நல்லதை முதலில் சொல்கிறேன். 306இலிருந்து 310 நனோமீற்றர் வரை ஐதரொட்சில் (நீராவி உடைந்து வரும் OH) பட்டை அழகாக எழும்பும், திருகோணமலைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்! தனிக்கோடுகள் பிரியாதுதான், ஆனால் பட்டையின் மொத்த வடிவத்தைக் கணித்த வடிவத்தோடு பொருத்தினால் சுழற்சி வெப்பநிலை (மூலக்கூறுகளின் சுழற்சியிலிருந்து கணிப்பது) கிடைக்கும், வாயுவின் வெப்பநிலையும் அதற்குக் கிட்டத்தான். ஆனால் கூட வந்த ஒளியிழை புறஊதாவை விழுங்குகிறது. விற்றவரிடம் கேட்டால் "சிலிக்கா இழை எக்ஸ்ட்ரா அண்ணை" என்கிறார்.

மென்பொருள்தான் எரிச்சல். 'வெப்பநிலை' என்று ஒரே ஒரு எண்ணைக் காட்டும். எதனுடைய வெப்பநிலை? வளிமண்டல அமுக்கத்தில் இப்படியான ஆகன் பிளாஸ்மாவில் வாயு 1000–3000 கெல்வினில் நிற்கும்போது இலத்திரன்கள் 10,000ஐத் தாண்டியிருக்கலாம், அணுக்களின் கிளர்வு வெப்பநிலை (அணுக்கள் எவ்வளவு கிளர்ந்திருக்கின்றன என்று காட்டுவது) இடையில் எங்கோ. கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் ஏழு சூடு என்கிற மாதிரித்தான். கிளர்வு வெப்பநிலைக்கு இரும்புக் கோடுகளை வைத்து போல்ட்ஸ்மான் வரைபு (கோடுகளின் பிரகாசத்தை அவற்றின் ஆற்றலோடு ஒப்பிடுவது) போடலாம் என்றால் 373.49உம் 373.71உம் ஒரே மேடாக ஒட்டிக்கொள்கின்றன.

இலத்திரன் அடர்த்தி விஷயம் சுத்த ஏமாற்று. ஐதரசனின் 486.1 கோடு ஸ்டார்க் விளைவால் (சுற்றியுள்ள மின்னேற்றங்களின் மின்புலம் கோட்டை அகலமாக்குவது) எவ்வளவு அகலுகிறது என்று பார்த்துத்தான் அதைக் கணிக்கவேண்டும். கன சென்ரிமீற்றருக்கு 10¹⁴ இலத்திரன் என்றால் அந்த அகலம் 0.04 நனோமீற்றர், 10¹⁵ என்றால்கூட 0.2தான். இந்தப் பெட்டி எந்தக் கோட்டுக்கும் தானாகக் கொடுக்கும் அகலமே 1. பாதரச விளக்கைக் காட்டிப் பாருங்கள், 435.8 கோடும் அதே அகலத்தில் வரும். அதாவது ஒளி நுழையும் தன்னுடைய பிளவையே அளந்து அடர்த்தி என்று அச்சடிக்கிறது.

மக்னீசியத்தின் 280.27 (அயன்), 285.21 (அணு) கோடுகளின் விகிதத்தை சாஹா சமன்பாட்டில் (அணுக்களில் எவ்வளவு பங்கு அயனாகும் என்று தருவது) போட்டும் பார்க்கலாம், அந்த இரண்டும் இதில் நன்றாகப் பிரியும். ஆனால் வெப்பச் சமநிலை இருப்பதாக எடுத்துக்கொள்ளும் கணக்கு அது, ஆகன் டோர்ச்சில் அது சரியாக அமையாது. ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அப்புறம், டோர்ச் திறந்திருந்தால் 589இல் சோடியம் எப்போதும் நிற்கும். கடற்காற்று. அதை மாதிரியின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

புல்மோட்டை மணலில் டைட்டேனியம் கோடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட, வாயு வெப்பநிலை பார்க்க, சரி, வாங்கலாம். 5க்கு 3. இலத்திரன் அடர்த்திதான் வேண்டுமென்றால் ஒரு மீற்றர் குவியத்தூரமும் மில்லிமீற்றருக்கு 2400 கோட்டு கிரேட்டிங்கும் உள்ள பழைய மொனோகுரோமேட்டர் (ஒளியை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் பெரிய கருவி) எங்காவது கிடைக்குமா என்று தேடுங்கள்.