பிரஷர் பார்க்க வீட்டு மெஷினா, கிளினிக்கா?

மூதூரில் இருக்கும் என் மச்சாளுக்கு இது ஏழாம் மாதம். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மெஷின் வாங்குவதா, கிளினிக்கை மட்டும் நம்புவதா என்று கேட்டாள்.

செலவு: அரச கிளினிக் இலவசம், பஸ் காசுதான். மெஷினுக்குச் சில ஆயிரம் ரூபாய்.

நம்பகம்: கிளினிக்கில் சிறுநீரில் புரதமும் பார்ப்பார்கள்; மெஷினுக்கு அது தெரியாது. வாங்கினால் மேற்கையில் கட்டுவதையே வாங்குங்கள். மணிக்கட்டு மெஷின் வேண்டாம். பட்டி கைக்குப் பொருந்த வேண்டும், 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும். (படியேறி வந்ததும் அளந்துவிட்டுப் பயப்படுவது எங்கள் வீட்டு வழக்கம்!)

வசதி: இதில் மெஷின்தான். முக்கியமாகப் பிள்ளை பிறந்த பிறகு. பிரசவத்தோடு பிரஷர் இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் 3 முதல் 6 நாளுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகும். முன்சூல்வலிப்பு (பிரஷர் ஏறி, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும் ஆபத்தான நிலை) பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரைகூட வரலாம். பச்சைக் குழந்தையோடு தினமும் பஸ் ஏற முடியுமா?

பிரஷர் சரியாக இருப்பவருக்குக் கிளினிக் போதும். ஏறியவருக்கு இரண்டும் வேண்டும். 140/90 காட்டினால் அன்றே மருத்துவமாதுவுக்குச் சொல்லுங்கள். 160/110 என்றாலோ, கடும் தலையிடி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ, மெஷினை வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.