அம்மா வீடா, வாடகை அறையா?

சிங்கப்பூரில், யீஷூன் வட்டாரத்தில் எங்களுடையது மூவறை வீடு; கூடத்தைச் சேர்த்துத்தான் மூன்று, படுக்கையறை இரண்டுதான். தம்பியும் நானும் ஒரே அறை. 29 வயதில் செங்காங் வட்டாரத்தில் மாதம் 950 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஓர் அறை எடுத்துப் போனேன். 16 மாதத்தில் திரும்பிவிட்டேன். கல்யாணம் ஆகாதவர்கள், வீட்டில் பெரிய சண்டை சச்சரவு இல்லை என்றால், பெற்றோரோடு இருப்பதே மேல் என்பேன்.

தனியே இருப்பதில் உள்ள நிம்மதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கதவைச் சாத்தினால் அறை நம்முடையது. சமையல்தான் கஷ்டம். வீட்டுக்காரர் 'லேசான சமையல்' மட்டும் போதும் என்றிருந்தார். ஒரு நாள் ரசத்துக்குக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தேன். வாசனை கூடத்துக்குப் போனதும் அவர் எழுந்து வந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நான் அங்கே தாளிக்கவே இல்லை.

ஆனாலும் என்னைத் திருப்பியது பணக் கணக்குதான். சம்பளத்தில் 20 விழுக்காடு மசேநிதிக்கு, அதாவது கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்குப் போகிறது, முதலாளி 17 விழுக்காடு போடுகிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டும் அரசாங்க வீடு வாங்கினால் மசேநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்தே தவணை கட்டலாம். வாடகைக்கு அதில் ஒரு காசு தொட முடியாது. அத்தனையும் கையில் வரும் சம்பளத்திலிருந்து போகும். ஒற்றையராக வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். 29இல் வெளியே போனால் ஆறு வருடம். அறை வாடகை ஏறாமலே இருந்தாலும் 68,400 வெள்ளி! என் 16 மாதத்துக்கே 15,200. பெற்றோரோடு சேர்ந்து வாழ மறுவிற்பனை வீடு வாங்கும் ஒற்றையருக்குக் கிடைக்கும் மானியம் 15,000 வெள்ளி. பிற்பாடு எனக்கு வரக்கூடிய அந்தத் தொகையை முன்கூட்டியே வாடகையாகக் கொடுத்துவிட்டேன் என்பது தெரிந்தபோது மனசு கேட்கவில்லை.

வரியிலும் கொஞ்சம் உண்டு. தகுதியுள்ள பெற்றோரை உடன் வைத்துப் பார்த்துக்கொண்டால் வரிக்குரிய வருமானத்தில் 9,000 வெள்ளி கழிவு, தனியே இருந்து பார்த்துக்கொண்டால் 5,500.

நான் இருந்தது ஓர் அறையில் மட்டும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து முழு வீடு எடுத்தால் சமையலறையும் சொந்தமாகும், செலவும் குறையலாம். வீட்டில் மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவர்கள் போவதுதான் சரி.

இப்போது அம்மாவிடம் மாதம் 500 வெள்ளி கொடுக்கிறேன். தம்பிக்கும் எனக்கும் நடுவே ஒரு திரை போட்டிருக்கிறோம். வர நேரமாகும் என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அம்மா உள்தாழ்ப்பாள் போடாமல் படுத்துவிடுவார்.