மணல் கோரைன்னு சொல்லி களைக் கோரையை வித்துட்டாங்க, பாத்து வாங்குங்க

ஈசிஆர்ல கல்பாக்கம் தாண்டி எங்க வீடு, மனை முழுக்க கடல் மணல், எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் நிக்காது, லான் எல்லாம் கட்டுப்படியாகாது. அதான் மணல்மேட்டுல அடும்பு, ராவணன் மீசை கூட தானா வளருமே மணல் கோரை, சைப்பரஸ் அரினேரியஸ், அதையே போடலாம்னு ரொம்ப ஆசப்பட்டேன். மணலுக்கடியில கொடியா ஓடி மண்ண புடிச்சுக்கும். கடக்கரையில இருந்து பிடுங்க மனசு வரல, அந்த மேட்ட காப்பாத்துறதே இதுங்கதானே. அதனால ஒரு நர்சரியில சொல்லி வச்சு 200 நாத்து வாங்குனேன், ஒண்ணு 35 ரூபா, மொத்தம் 7000.

மூணே வாரத்துல பாத்தி தாண்டி மல்லிச்செடி அடியில எல்லாம் முளைக்குது. ஊர்ல இருந்து வந்த அம்மா ஒண்ண பிடுங்கி காமிச்சாங்க, வேர்ல கறுப்பு கறுப்பா கிழங்கு, நசுக்குனா நாட்டு மருந்துக் கடை வாசன. "ஏம்ப்பா, இது நம்ம வயல்ல நாங்க களையெடுத்தே ஓஞ்ச கோரை, இதையா காசு குடுத்து வாங்குன?"ன்னாங்க. சைப்பரஸ் ரோட்டண்டஸ், உலகத்துலயே மோசமான களைன்னு பேர் வாங்குனது.

நர்சரிக்கு போன் பண்ணா "சார் இதுவும் நேட்டிவ்தானே, தண்ணி இல்லாமலும் வருமே"ங்குறார். ரெண்டும் உண்மதான், ஆனா நான் கேட்டது இது இல்லயே! பணமும் வரல, அதுக்கப்புறம் போனும் எடுக்கல.

வாங்குறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு ஒரு நாத்த ட்ரேல இருந்து கவுத்து, வேர தண்ணியில அலசி பாருங்க. கம்பி மாதிரி வேர்ல கிழங்கு கோத்துருந்தா வேணவே வேணாம். பூத்த செடி இருந்தா இன்னும் சுலபம், மணல் கோரைக்கு தண்டு நுனியில ஒரே உருண்டையா இருக்கும், களைக் கோரைக்கு குடைக்கம்பி மாதிரி பிரிஞ்சு செவப்பு கலந்த பழுப்புல இருக்கும். மூணு பட்டை தண்டு, நேட்டிவ்னு போர்டு, இத மட்டும் நம்பாதீங்க.

ஏற்கனவே நட்டுட்டீங்கன்னா மம்பட்டியால கொத்தாதீங்க, கிழங்கு சங்கிலி அறுந்து ஒவ்வொண்ணும் தனித்தனியா முளைக்கும். பிளாஸ்டிக் ஷீட் போட்டாலும் குத்திகிட்டு வெளிய வருது. நல்லவேள எங்களுது மணலு, ஒரு முழம் ஆழம் தோண்டி சல்லடையில சலிக்கிறோம். இது நாலாவது தடவ, நேத்து மட்டும் அரை பக்கெட் கிழங்கு.