பின்கட்டில் ஒரு வீடு: கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் எது தேவலை?

ஒரே குடும்பத்துக்கென ஒதுக்கிய மனையில் இன்னொரு சின்ன வீடும் கட்டிக்கொள்ள, அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலங்கள் மூன்றுமே சட்டம் போட்டிருக்கின்றன. இந்தத் துணை வீட்டை ஏ.டி.யூ. (accessory dwelling unit) என்பார்கள். இதில் எது தேவலை என்று பார்க்க, நகராட்சி முட்டுக்கட்டை போட எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கவனிப்பேன்.

ஓரிகன் 2017இல் நல்ல எண்ணத்தோடுதான் தொடங்கியது. 2,500 பேருக்கு மேல் வசிக்கும் நகரங்கள் அனுமதித்தே ஆக வேண்டும். ஆனால் ‘நியாயமான’ உள்ளூர் விதிகள் இருக்கலாம் என்றும் எழுதிவிட்டார்கள். கார் நிறுத்த இடம் காட்டு, உரிமையாளரும் அதே மனையில் குடியிரு என்ற நிபந்தனைகள் அந்தச் சொல்லில் ஒண்டிக்கொண்டன. அவற்றை நீக்க 2019இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

கலிபோர்னியா இந்தப் பாடத்தை இன்னும் நீண்ட காலம் படித்தது. அதன் முதல் சட்டம் 1982லேயே வந்தது. நகரங்கள் நிபந்தனை மேல் நிபந்தனையாகப் போட்டதில் பெரிதாக எதுவும் நகரவில்லை. 2020இல் அமலான திருத்தங்கள் அளவையும் நாள் கணக்கையும் எண்ணாகவே சொல்லிவிட்டன. பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டுக் கட்டினால், 800 சதுர அடி வீட்டை மனைப்பரப்பு விதியைக் காட்டி மறுக்க முடியாது. முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கணக்கு. 750 சதுர அடிக்குக் குறைவென்றால், சாலை, பூங்கா போன்றவற்றுக்காக வாங்கும் உள்கட்டமைப்புக் கட்டணமும் இல்லை. கராஜை வீடாக்கினால் காருக்கு மாற்று இடம் கேட்கவும் கூடாது. மாடிப்படி ஏற முடியாத அப்பா அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பத்துக்கு இந்த விவரங்கள்தான் முக்கியம்.

வாஷிங்டனின் 2023 சட்டம் கட்டண விஷயத்தில் அவ்வளவு தாராளம் இல்லை. அதே மனையில் உள்ள முதன்மை வீட்டுக்கு வாங்குவதில் பாதி வரை நகரம் வசூலிக்கலாம். அப்புறம் ஏன் அதைச் சேர்த்துப் பேசுகிறேன்? ஒரே மனையில் இரண்டு துணை வீடுகளுக்கு அது வழிவிடுகிறது. அவற்றைத் தனியே விற்பதையும் நகரம் தடுக்க முடியாது. கலிபோர்னியாவிலோ, அந்த நகரம் விரும்பி விதி இயற்றினால்தான் பொதுவாகத் தனி விற்பனை நடக்கும்.

கட்டுபவருக்கு என் ஓட்டு கலிபோர்னியாவுக்குத்தான். வாடகையிலேயே காலம் தள்ளி, சொந்தமாக ஒரு சின்ன வீடாவது கிடைக்காதா என்று தேடுகிறவருக்கு வாஷிங்டன் சட்டமே பெரிய கதவைத் திறக்கிறது.