ஒற்றர் பள்ளியில் நான்கு ஆண்டுகள்

ஸ்டூவர்ட் கிப்ஸ் எழுதும் ‘ஸ்பை ஸ்கூல்’ நாவல் வரிசையை என் மகள் பதினோரு வயதில் கையில் எடுத்தாள். இப்போது அவளுக்குப் பதினைந்து. அவள் முடித்து வைத்ததை எல்லாம் நானும் படித்துவிட்டேன், சிலவற்றை இரண்டாம் முறையும். புதிதாகப் படித்த சூட்டில் புகழ்வது எளிது. ஆண்டுகள் போனபின் எது நிற்கிறது, எது சலிக்கிறது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

முதல் புத்தகம் 2012இல் வந்தது. பென் ரிப்ளி, வயது 12, கணக்கில் புலி, மற்ற எல்லாவற்றிலும் சராசரிக்குக் கீழே. ஒரு நாள் பள்ளி விட்டு வந்தால் வீட்டுக்குள் சி.ஐ.ஏ. ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பென்னுக்கு ஒற்றர் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறதாம். வெளியுலகுக்கு அது வெறும் அறிவியல் பள்ளி. போய் இறங்கியதுமே துப்பாக்கிச் சத்தம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். எல்லாம் அடங்கிய பிறகுதான் அது திறனறித் தேர்வு என்று தெரிகிறது. படுதோல்வி. பின் ஏன் சேர்த்தார்கள்? பள்ளிக்குள் ஒளிந்திருக்கும் துரோகியைப் பிடிக்க, பென் தூண்டில் புழு. ஆரம்பத்திலேயே வெளிப்பட்டுவிடுகிற செய்திதான், சொன்னால் சுவை கெடாது. அபூர்வப் பிறவி என்று தேடி வந்து அழைத்துப்போகும் கதைகளையே படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் குட்டு நன்றாக உறைக்கிறது.

மறுவாசிப்பில் மெருகேறுகிறவர் அந்தச் சி.ஐ.ஏ. ஆள், அலெக்ஸாண்டர் ஹேல். முதல் முறை படிக்கும்போது பென்னைப் போலவே நாமும் அவரிடம் மயங்குகிறோம். உண்மையில் அவர் அடுத்தவர் சாதனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் வாய்ச்சொல் வீரர். வேலையை எல்லாம் முடிப்பது அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் எரிக்கா. இது தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால் அவருடைய மிடுக்கான ஒவ்வொரு வசனமும் வேறு மாதிரி ஒலிக்கிறது. முன்பு வாய் பிளந்து படித்த அதே பக்கத்தில் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பொருந்தாத டோப்பா அணிந்த தலைமையாசிரியர், அலுவலக வேலை கிடைத்தால் போதும் என்று வேண்டுமென்றே மோசமாகப் படிக்கும் முர்ரே ஹில் என்று பள்ளியே இப்படித்தான். முர்ரேயைப் பற்றி இதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன்.

வரிசையில் சிறந்தது மூன்றாவதான ‘ஈவில் ஸ்பை ஸ்கூல்’. தலைமையாசிரியர் அறையைத் தெரியாமல் குண்டு பாய்ச்சித் தகர்த்துவிட்டு வெளியேற்றப்படும் பென்னை எதிரி அமைப்பான ஸ்பைடர் தன் பள்ளிக்கு அழைக்கிறது. தீயவர்களின் பாடத்திட்டம் எப்படி இருக்கும் என்ற கற்பனையில் ஆசிரியர் புகுந்து விளையாடியிருக்கிறார்.

நடுவில் தொய்வு உண்டு. பென் மீது வீண்பழி, அமைப்புக்குள் இன்னொரு கறுப்பு ஆடு, ஏதோ ஒரு வாகனத்தில் துரத்தல், கடைசியில் பெரிய வெடிப்பு; ஐந்தாறு புத்தகம் படித்தவர்களுக்கு இந்த வாய்ப்பாடு மனப்பாடமாகிவிடும். புத்தகங்கள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக வந்தும் பென் வளர்வதே தெரியவில்லை. என் மகள் அவனைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். எரிக்கா மீது அவனுக்கிருக்கும் மயக்கத்தை “இன்னுமா?” என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள். எனக்கோ பெரியவர்கள் எல்லாரும் இத்தனை மக்காக இருப்பார்களா என்ற எரிச்சல். சிறுவர்களுக்கு அதுதான் விருந்து என்பதும் தெரிகிறது.

துப்பாக்கியும் குண்டும் நிறைய. ரத்தக் களரி கிடையாது. பத்து வயதிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். வரிசை மாற்றிப் படிக்க வேண்டாம், முன் புத்தகத்தின் துரோகி யார் என்பதை அடுத்தது போகிற போக்கில் சொல்லிவிடும். படக்கதை வடிவமும் வந்திருக்கிறது. ஆனால் சிரிப்பு பாதி பென்னின் புலம்பலில்தான் இருக்கிறது, அதனால் நாவலையே முதலில் கொடுங்கள். சொந்தமாக வாங்குவதென்றால் முதல் மூன்று போதும், மீதியை நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம்.